படம் யார் கையில்?

ஏப்ரல் 14 வந்தால் சேரி முகப்பில் ஃப்ளெக்ஸ் நிக்குது. நடுவில் அம்பேத்கர் முகம் கட்டம் கட்டமாய் உடைஞ்சு கிடக்கு. சின்னப் படத்தை இழுத்துப் பெரிசாக்கினால் பிக்சல் உடையும். வெக்டாரில் வரைந்தால் எத்தனை அடிக்குப் பெரிசாக்கினாலும் உடையாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே பீரியடில் புரியற சங்கதி. யாரு சொல்லிக் கொடுத்தா?

கம்ப்யூட்டர்னா நம்ம பிள்ளைக்கு டைப்படிக்க மட்டும்தானா? அடுத்தவன் எழுதினதைப் பதிகிறவன் குமாஸ்தா. பேங்கில் நான் செய்யறது அதான். எந்த முகம் நடுவில், எது ஓரத்தில், எழுத்து எவ்வளவு பெரிசு என்று தீர்மானிக்கிறது டிசைன். அந்தத் தீர்மானத்தைச் சாதி எப்பவும் தன் கையிலேயே வெச்சிருக்கு. சாரத்தில் ஏறிக் கட்டுற வேலை மட்டும் நமக்கு.

2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவிய ஆசிரியர்களைப் பகுதிநேரமாய் எடுத்தார்கள். மாசம் 5,000 ரூபாய். நம்ம பிள்ளைகளின் கண்ணுக்கும் கைக்கும் அரசு போட்ட விலை அது.

இங்க்ஸ்கேப்பும் கிரிட்டாவும் காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள்கள். ஆறு முதல் எட்டு வரை வாரம் ஒரு பீரியடு கேட்போம். ஓவிய ஆசிரியரை முழுநேரமாக்கு, லேப் சாவியை அவர் கையில் கொடு என்று கேட்போம். சலுகை இல்லை தோழர்களே, பங்கு. நம்ம தெருவை நம்ம பிள்ளை வரையட்டும்.