போனைத் திறக்கச் சொல்ல ஆணை எங்கே?

தோழர்களே, கிரிப்டோ வாங்கி விற்கிற தம்பி தங்கைகள் நம்ம பக்கமே நிறையப் பேர் இருக்கீங்க. அது முதலீடா சூதாட்டமா என்பது வேறு பேச்சு. (வீட்டு நகையை அடகு வைத்து அதில் பணம் போடுவதை நாம் ஆதரிக்கவில்லை.) ஆனால் அது குற்றம் இல்லை. கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018-ல் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-ல் ரத்து செய்தது. 2022 முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி, விற்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். என்று ஒன்றிய அரசே வசூல் பண்ணுது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சொத்து என்றே சொல்லிவிட்டது.

வரி வாங்கும்போது சொத்து, போலீஸ் சோதனையில் மட்டும் திருட்டுப் பொருளா?

கிரிப்டோ வைத்திருப்பவர் போன் என்பது பீரோ சாவி. வாலட் செயலி, 12 அல்லது 24 மீட்புச் சொற்களின் ஸ்கிரீன்ஷாட், ஓ.டி.பி. வரும் சிம் எல்லாம் அதுக்குள்ளேயே. பத்து நிமிஷம் அடுத்தவர் கையில் இருந்தால் போதும். பேங்க்ல தப்பாப் போன பணத்துக்கு மேனேஜர்கிட்ட போய் நிக்கலாம். பிளாக்செயினில் போனது போனதுதான். உன் போனிலிருந்து போனால் நீ அனுப்பியதாகத்தான் கணக்கு.

2021 அக்டோபரில் ஹைதராபாத் போலீசார் சாலையில் போனவர்களை நிறுத்தி, வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்ற சொல்லைத் தேடிய வீடியோ பரவியது ஞாபகம் இருக்கும். நாளைக்கு 'யு.எஸ்.டி.டி.' என்று தேட எவ்வளவு நேரம் ஆகும்?

விசாரணையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பி2பி-யில் வரும் பணம் யாரோ ஒரு பெரியவரிடம் ஏமாற்றிப் பறித்ததாக இருக்கலாம். அவரும் நம்ம ஆள்தான். ஆனால் அதுக்கு முறை இருக்கு. வாயில் நுழையாத பெயரோடு 2024 ஜூலை 1-ல் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 94-வது பிரிவு, கருவியை ஒப்படைக்க எழுத்தில் உத்தரவு கேட்கிறது. 105-வது பிரிவு, சோதனையையும் பறிமுதல் பட்டியலையும் வீடியோ எடுத்துத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. பாஸ்வேர்டு விஷயத்தில்தான் குழப்பம். நீதிமன்றம் ஆணையிடலாம் என்றது கர்நாடக உயர் நீதிமன்றம், 2021-ல். குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம், 2023-ல். நடுரோட்டில் நிற்கும் ஏட்டு கேட்டாலே கொடுக்கணும்னு இரண்டுமே சொல்லவில்லை.

காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது, டெல்லிக்குக் காத்திருக்க வேண்டாம். டி.ஜி.பி. ஒரு சுற்றறிக்கை போடட்டும்: வாகனச் சோதனையில் போனைத் திறக்கச் சொல்லக் கூடாது, வாலட்டைத் திறப்பதென்றால் நீதிமன்ற ஆணையோடு, வக்கீல் முன்னிலையில், வீடியோ பதிவோடு மட்டும்.

அதுவரை மீட்புச் சொற்களைப் போனில் வைக்காதீங்க, காகிதத்தில் எழுதி வீட்டில் வைங்க. போலீஸ் கேட்டால் சண்டை வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம், அதுவே தனி வழக்காகிடும். "எந்தப் பிரிவு சார், எழுத்தில் கொடுங்க" என்று கேளுங்க. போனை எடுத்தால் பட்டியல் நகலை வாங்காமல் நகராதீங்க. ஏற்கனவே பறிகொடுத்தவர்கள் தேதி, இடம், காவல் நிலையம் மூன்றையும் எழுதி நம் மாவட்ட வழக்கறிஞர் அணிக்கு அனுப்புங்க. பாஸ்வேர்டை மட்டும் எங்களுக்கும் அனுப்பாதீங்க.