சோதனையை ஓட்டுவது யார்?

பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் கணினி வகுப்பில் நான் உதவி வருகிறேன். அங்கே ஒரு சொல் விளையாட்டு உண்டு. புதிய மடிக்கணினியில் புதிய பைத்தான் பதிப்பை நிறுவியதும் அது திறக்க மறுத்துவிட்டது. அன்று பிள்ளைகள் வெண்பலகையில்தான் சொல் விளையாடினார்கள்.

காரணம் எளிது. விளையாட்டு நம்பியிருந்த ஒரு சிறிய திறமூல மென்பொருள் தொகுப்பு, ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பழைய பகுதியைப் பயன்படுத்தியது. பைத்தான் 3.10 பதிப்பு 2021-இலேயே ‘இது நீக்கப்படும்’ என்று எச்சரித்தது. 2023 அக்டோபரில் வந்த 3.12 அதை நீக்கியது. ஈராண்டு அவகாசம் இருந்தும் அந்த எச்சரிக்கை யார் கண்ணிலும் படவில்லை.

கண்ணில் பட வைப்பதுதான் தானியங்கிச் சோதனை. நிரல் மாறும்போதெல்லாம், அல்லது வாரம் ஒருமுறை, ஒரு வெற்றுக் கணினி தொகுப்பைப் புதிதாக நிறுவி, ஒவ்வொரு பைத்தான் பதிப்பிலும் ஓட்டிப் பார்க்கும். தவறினால் சிவப்புக் குறி காட்டும். தமிழுக்கு இது கூடுதல் அவசியம். ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. பைத்தானோ யுனிகோட் குறிகளை எண்ணி ஐந்து என்கிறது. ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகங்கள் அதைச் சரியாகப் பிரித்துத் தருகின்றன. அந்த ‘மூன்று’ நாளையும் மூன்றாகவே இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே!

இலவசச் சேவையை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. திறமூலத் திட்டங்கள் பல நம்பியிருந்த டிராவிஸ் சிஐ, 2020 நவம்பரில் விதிகளை மாற்றியது. அதன் பழைய தளம் 2021 ஜூனில் மூடப்பட்டது. வேறு சேவைக்கு மாறாத திட்டங்களில் சோதனைகள் எழுதப்பட்டிருந்தும் ஓடுவது நின்றது.

சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் யூட்டில்ஸில் கண்டுபிடிக்கப்பட்ட தீங்கு நிரல், சோதனைக் கோப்புகளுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. கணினிக்குள் நுழைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைப் பிடித்தார். இயந்திரம் காவல் நிற்கலாம். அக்கறை மனிதரிடமிருந்துதான் வர வேண்டும்.

அன்று கிள்ளானுக்குத் திரும்பும் கொமியூட்டர் ரயிலிலேயே அந்தத் தொகுப்புக்கான சோதனைக் கோப்பை எழுதத் தொடங்கினேன். இருபது வரிதான். பிழையைத் திருத்த இரண்டு வரி போதுமானதாக இருந்தது.

முரசு அஞ்சல் பிறந்த நாடு இது. நம் பல்கலைக்கழகங்களில் கணினி பயிலும் தமிழ் மாணவர்கள் ஆளுக்கொரு தமிழ்த் தொகுப்பை ஒரு பருவத்துக்குத் தத்தெடுத்தால் என்ன? புதிய செயலி படைப்பதைப் போல இதற்குப் பரிசு, பாராட்டு கிடைக்காதுதான். ஆனால், அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளின் விளையாட்டு திறக்கும்.