கதிரவனை முதுகில் வைத்து

"சாமி, பையன் இரவெல்லாம் கணினியில் விமானங்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டிருக்கிறான், நீங்கள்தாம் கண்டிக்கவேண்டும்" என்று நம் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் முறையிட்டார். கண்டிக்கச் சென்ற நாம் அப்பையனின் அருகிலேயே அமர்ந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கக் கற்றுக்கொண்டோம். ஆறு திங்களாக, ஞாயிறு மாலைதோறும் அப்பாடம் நடைபெறுகிறது. இதனை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

விளையாட்டின் பெயர் 'இல்-2 ஸ்டுர்மோவிக்'. மாஸ்கோவில் உருவாகி 2001-இல் வெளிவந்த அது, இரண்டாம் உலகப்போரின் கிழக்குப் போர்முனையைத் திரையில் விரிக்கிறது. பழையதுதான், அவ்வீட்டுக் கணினி அதற்குமேல் தாங்காது.

இத்தகைய விளையாட்டு பிள்ளைகளைக் கொலைகாரராக்கும் என்போருக்கு நாம் விடைகூறப் போவதில்லை; அவர்கள் அதனை ஒருமுறையேனும் ஆடிப்பார்க்கட்டும். நம் வழக்கு வேறு சிலரோடு. மற்றப் போர்கள் எப்படியாயினும் வான்போரில் மானமும் மரபும் இருந்தன, நேருக்கு நேர் பொருதிய மாவீரர்கள் அவ்விமானிகள் என்று நூலிலும் திரைப்படத்திலும் நெடுங்காலமாகப் பாடிவருகின்றார்களே, அவர்களோடு. பையனும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் இவ்விளையாட்டுக்கு வந்தான்.

தொடக்கத்தில் நமக்குக் கிடைத்தது தோல்வியே. எதிரியைக் கண்டதும் ஜாய்ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துத் திரும்புவோம், வேகம் கரையும், இறக்கை காற்றின் பிடியை இழக்கும், விமானம் கல்லைப்போல் விழும். திருப்பம் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு என்பதும், அவ்விலையை வேகத்தால் செலுத்துகிறோம் என்பதும், உயரமே வேகத்தின் சேமிப்பு என்பதும் பின்னரே விளங்கின. மிகு வேகத்தில் எதிரியை நெருங்கினால் அவனைத் தாண்டிச் சென்று அவன் துப்பாக்கிக்கு முன் நாமே நிற்போம். ஆதலால் மூக்கை உயர்த்தி, மிகையான வேகத்தை உயரமாக மாற்றி, மீண்டும் அவன் வாலுக்குப் பின் இறங்கவேண்டும். இதற்கு 'யோ-யோ' என்று பெயர். சுடுவதும் அவன் இருக்கும் இடத்தை நோக்கி அன்று; குண்டு சென்றடையும் கணத்தில் அவன் வந்திருக்கக்கூடிய இடத்தை நோக்கி. அழகிய கலைதான்; மறுக்கமாட்டோம்.

திரையில் ஒவ்வொரு விமானத்தின் அருகிலும் அதனை அடையாளம் காட்டும் எழுத்துகள் மிதக்கும். ஒருநாள் பையன் அவற்றை அணைத்துவிட்டான். அன்றுமுதல் எதிரி என்பவன் மேகத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி; பல வேளைகளில் அதுவும் இல்லை. மாறி மாறி வீழ்த்தப்பட்டோம், வீழ்த்தியவனைக் கண்டதில்லை. சில வாரங்கள் கழித்து நம் முறை வந்தது. கதிரவனை முதுகில் வைத்து நம் யாக் விமானத்தை மேலிருந்து இறக்கினோம். கீழே ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருந்தது. அது கடைசிவரை திரும்பவேயில்லை. சுட்டோம், எரிந்தது. பையன் கைதட்டினான், நாமும் மகிழ்ந்தோம். எங்கே போயிற்று அந்த நேருக்கு நேர்?

இது விளையாட்டின் குறை அன்று. 1916-இல் ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் போல்க்கெ தம் தோழர்க்கு வகுத்த விதிகளைப் பாருங்கள்: தாக்குமுன் சாதகத்தை உறுதிசெய், கதிரவனைப் பின்னால் வைத்துக்கொள், அருகில் சென்றே சுடு, பின்புறமிருந்து தாக்கு. அறைகூவலும் இல்லை, வணக்கமும் இல்லை. ஹிட்லரின் விமானப்படையில் 352 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குள்ள எரிக் ஹார்ட்மன் சுழன்று சண்டையிடுவதைத் தவிர்த்தவர். காண்பது, முடிவு செய்வது, தாக்குவது, விலகுவது என்பதே அவர் முறை. வரலாற்றில் அவரினும் மிகுதியாக வீழ்த்தியவர் எவருமில்லை. எனில், இக்கலையின் உச்சத்துக்குப் பெயர் பதுங்கித் தாக்குதல்.

1917-இல் உடெட்டின் துப்பாக்கி சிக்கிக்கொண்டபோது பிரெஞ்சு விமானி கினெமேர் சுடாமல் கையசைத்துச் சென்றாரே என்பர். உடெட்டே எழுதிவைத்த நிகழ்ச்சி அது. இருக்கட்டும். அது வழக்கமாக இருந்திருந்தால் யாரேனும் எழுதிவைத்திருப்பார்களா? ஆங்கிலேயர் இச்சண்டைக்கு 'நாய்ச்சண்டை' என்று பெயரிட்டார்கள். பாடியவர்களைவிடப் பெயரிட்டவர்கள் உண்மைக்கு அருகில் இருந்தார்கள். ஆயினும் நாய்கள் ஒன்றையொன்று பார்த்தேனும் கடிக்கின்றன.

ஆகவே, அரைகுறையாகக் கற்பதே கேடு என்கிறோம். எழுத்துகள் மிதக்கும் திரையோடு நின்றுவிடும் பிள்ளை அந்தப் பழம்பாட்டையே பாடிக்கொண்டிருப்பான். முழுதும் கற்றவனுக்குத் தான் சுட்டவன் தன்னைப் பார்க்கவில்லை என்பது தெரியும். விளையாட்டில் 'மீண்டும் பற' என்றொரு பொத்தான் உண்டு. 1916 அக்டோபர் 28 அன்று, எதிரியைத் துரத்துகையில் தம் தோழரின் விமானமே உரசி விழுந்த போல்க்கெக்கு அது இல்லை. அப்போது அவருக்கு வயது 25. இதைச் சொன்னபோது பையன் நெடுநேரம் பேசவில்லை.

விளையாட்டை நிறுத்தவேண்டாம், அந்த எழுத்துகளை மட்டும் மீண்டும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தந்தையிடம் கூறினோம். அவர் இன்னும் நம்மீது மனத்தாங்கலோடுதான் இருக்கிறார்.