மலைப் பாதையில் மௌன விரதம்

ஏகாதசி என்றைக்கு வருகிறது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நம் வீட்டு மோட்டார் வண்டி என்றைக்கு, எந்த நாழிகையில், எந்த ஊர் எல்லையில் மௌன விரதம் அனுஷ்டிக்கப் போகிறது என்பதை எந்தப் பஞ்சாங்கமும் சொல்வதில்லை. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று எஞ்சின் ஓய்ந்துவிடும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போல் உயிர் பெற்று ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலோ, இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருப்பதுபோல் அத்தனை ஒழுங்காக நடந்துகொள்ளும். "வண்டி நன்றாகத்தானே இருக்கிறது, ஸார்!" என்று அவரும் திருப்பி அனுப்பிவிடுவார்.

அடியோடு கிளம்ப மறுக்கும் வண்டியினால் அபாயம் கிடையாது. அது யோக்கியமான வண்டி. வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. நாமும் பஸ்ஸில் போய்விடுகிறோம். நின்று நின்று ஓடும் வண்டிதான் பொல்லாதது. நாலு தடவை நின்றாலும் ஐந்தாவது தடவை கிளம்பிவிடுகிறதே என்று நமக்கு ஒரு நம்பிக்கை பிறந்துவிடுகிறது. "அது அப்படித்தான், கொஞ்ச நேரம் விட்டால் சரியாய்விடும்" என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்லப் பழகிவிடுகிறார்கள். சமவெளிச் சாலையில் இந்த நம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் விலை அரை மணி நேரத் தாமதம். தொப்பூர்க் கணவாயில் அந்த விலை வேறு.

பெங்களூரிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பழைய பாராமகால் சீமையைக் கடந்து, தருமபுரிக்குத் தெற்கே தொப்பூரில் மலை இறங்குகிறது. இரு பக்கமும் குன்று, வளைவு, விடாத சரிவு. வடக்கேயிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகள் இரவும் பகலும் இறங்கும் வழி அது. 2020-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி, முன்னால் நடந்த ஒரு விபத்தினால் அந்தச் சரிவில் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பின்னால் சிமெண்டு ஏற்றி இறங்கிய லாரி ஒன்று கட்டுக்கு அடங்காமல் வந்து அந்த வரிசையில் புகுந்தது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின. நாலு பேர் மாண்டனர். 2024-ஆம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதிக்கொண்டன. ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது. கார் ஒன்று தீப்பற்றி எரிந்தது. அன்றும் நாலு உயிர்கள் போயின.

இந்த இரண்டு சம்பவங்களிலும் கார் எஞ்சின் ஓய்ந்ததுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2020-ஆம் வருஷத்து விபத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். மாண்டவர்கள் வேகமாய்ப் போனவர்கள் அல்லர். சாலையில் அசையாமல் நின்றவர்கள். தொப்பூர்ச் சரிவில் நிற்கும் கார் என்பது, பிரேக் பிடிக்குமோ பிடிக்காதோ என்று இறங்கி வரும் லாரியின் முன்னால் வைத்த கல் மாதிரி. நடுச் சரிவில் மௌன விரதம் பூணும் வண்டி நம்மை மட்டுமின்றிப் பின்னால் வருகிறவர்களையும் அபாயத்தில் சிக்க வைக்கிறது.

எஞ்சினுக்கு வண்டியை இழுப்பது ஒன்றே வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். இறக்கத்தில் அதற்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு: வண்டியை இழுத்துப் பிடிப்பது. கியரில் இருக்கும்வரை சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றியாக வேண்டும். அந்தச் சிரமத்தினாலேயே வேகம் மட்டுப்படுகிறது. நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக் சூடேறுகிறது, சூடேறச் சூடேறப் பிடிமானம் குறைகிறது. லாரியில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் பிரேக்குக்கு வேண்டிய காற்றை அடைத்துக் கொடுப்பது எஞ்சின்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு, மிதித்து மிதித்து இறங்கினால் சேமித்த காற்றும் தீர்ந்துபோகிறது.

எண்ணெய் மிச்சம் பிடிக்கத்தான் இப்படிச் செய்கிறோம் என்பார்கள். இக்காலத்து வண்டிகளில் அந்தக் கணக்கே தவறு. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை வண்டியே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாமல் இருப்பதற்கு எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்லும் விதி இன்றைக்கும் பொய்க்கவில்லை.

சரி, ஓடும்போதே எஞ்சின் ஓய்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஸ்டீரிங் கனத்துப்போகும், ஆனால் பலங்கொண்டு திருப்பினால் திரும்பும். பிரேக்குக்கு எஞ்சின் தரும் உதவி நின்றுவிடும். ஆயினும் மீந்திருக்கும் உதவி ஓரிரண்டு மிதிப்புக்குக் காணும். ஆகையால் விட்டு விட்டு மிதித்து அதை வீணாக்கக்கூடாது. ஒரே மிதியாக, உறுதியாக மிதிக்கவேண்டும். கியரை எடுக்கக்கூடாது. சாவியை முழுவதும் திருப்பி அணைக்கவே கூடாது. ஸ்டீரிங் பூட்டிக்கொண்டால் தெய்வந்தான் துணை. எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, இடது ஓரத்துக்கு ஒதுக்கி, நின்றதும் கைப் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுக்கவேண்டும். பிறகு எல்லோரும் இடது பக்கமாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நிற்கவேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதோ, பின்னால் நின்று தள்ளுவதோ இந்த இடத்தில் உதவாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவி கேட்க 1033 என்ற எண் இருக்கிறது, ஆம்புலன்ஸுக்கு 108.

இதெல்லாம் ஆபத்து வந்த பிறகு செய்வது. வராமல் தடுக்க வழி என்ன? மெக்கானிக்குக்கு முன்னால் ஒழுங்காக இருக்கும் வண்டிக்கு, வீட்டுக்காரர்தான் சாட்சி சொல்லவேண்டும். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வண்டியில் போட்டு வைத்து, நிற்கும்போதெல்லாம் நாலு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் சூடாக இருந்ததா, பள்ளத்தில் குலுங்கியதா, தொட்டியில் எண்ணெய் எவ்வளவு இருந்தது, எதிரே இருந்த முட்களும் விளக்குகளும் என்ன செய்தன.

விளக்குகள் உட்பட எல்லாம் ஒரே கணத்தில் அணைந்தால், பாட்டரி முனையோ, சாவி ஸ்விட்சோ, வண்டியின் உடலோடு சேரும் கம்பியோ தளர்ந்திருக்கலாம். எஞ்சின் திக்கித் திணறி, மேட்டில் மூச்சு வாங்கி நின்றால், எண்ணெய் வரும் வழியைப் பார்க்கவேண்டும். வடிகட்டி அடைத்திருக்கும்; பம்பு சோர்ந்திருக்கும்; அல்லது தொட்டியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். தொட்டிக்குள் இருக்கும் பம்பு எண்ணெயினால்தான் குளிர்ச்சி பெறுகிறது. எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. சூடேறினால் நின்று, ஆறினால் கிளம்பி, நிற்கும் கணத்தில் எஞ்சினின் சுற்றுக் காட்டும் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தால், எஞ்சின் சுழலுவதை உணர்ந்து சொல்லும் சென்ஸார் மீது சந்தேகப்படலாம். இந்த வண்டிகள் தங்கள் நோயைத் தாங்களே நினைவில் பதித்துக்கொள்ளும். அதைப் படித்துப் பார்க்குமுன் பாட்டரியைக் கழற்றினால் அந்த நினைவு அழிந்துபோகக்கூடும்.

சில சமயம் குற்றம் நம் வண்டியின் பிறவியிலேயே இருக்கும். 2024-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மாருதி கம்பெனி 16,041 வண்டிகளையும், அதே வருஷம் அக்டோபரில் ஹோண்டா கம்பெனி 92,672 வண்டிகளையும், எண்ணெய்ப் பம்பில் கோளாறு இருக்கக்கூடும் என்று திரும்ப அழைத்தன. ஓடும்போது எஞ்சின் நின்றுவிடலாம் என்பதே இரண்டுக்கும் காரணம். இப்படித் திரும்ப அழைக்கும்படி கம்பெனிகளுக்கு உத்தரவிட, 2019-ஆம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சர்க்காருக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. பழுதைச் சரி செய்ய இரு கம்பெனிகளும் பணம் வாங்கவில்லை. வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொண்டு, அது அந்தக் கணக்கில் சேர்ந்ததா என்று கம்பெனியில் விசாரித்தால் தெரிந்துவிடும். அலட்சியத்தின் விலைக்கு அமெரிக்கா ஓர் உதாரணம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சில வண்டிகளில், கனத்த சாவிக் கொத்து தொங்கினாலோ வண்டி குலுங்கினாலோ சாவி தானே நழுவி எஞ்சின் அணைந்துவிடும். அப்போது மோதல் நேர்ந்தால் காற்றுப் பையும் விரியாது. 2014-ஆம் வருஷந்தான் அவை திரும்ப அழைக்கப்பட்டன. பிற்பாடு நஷ்ட ஈடு கொடுத்தபோது ஏற்றுக்கொள்ளப்பட்ட மரணங்கள் 124. பீரோ சாவி, பெட்டிச் சாவி எல்லாவற்றையும் வண்டிச் சாவியோடு கோத்து வைக்கும் நம் வீட்டு வழக்கத்தை இதற்காகவாவது விட்டுவிடலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. மறுநாள் காலையில் சேலத்தில் முகூர்த்தம். வண்டி கிருஷ்ணகிரிக்கு அருகில் ஒரு தரம் நின்றது. காரிமங்கலத்தில் இன்னொரு தரம் நின்றது. இப்போது தருமபுரியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுப் பெரியவர், "இன்னும் கொஞ்ச தூரந்தானே, போய்விடலாம்" என்கிறார். அந்த இடத்தில் குடும்பத்தில் யாராவது ஒருவர் பிடிவாதம் பிடிக்கவேண்டும். வண்டியைத் தருமபுரியிலேயே ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறவேண்டும். பட்டுப் புடவை கசங்கும். பெரியவருக்குக் கோபம் வரும். நாதஸ்வரக் கச்சேரியில் பாதி போய்விடும். போனால் போகட்டும். சாலையைச் செப்பனிடுவது சர்க்காரின் வேலை. நின்று நின்று ஓடும் வண்டியைத் தொப்பூரில் இறக்காமலிருப்பது நம்முடைய வேலை.