செய்தி வந்த மொழி

மாந்தன் ஒருவன் தன் வாழ்நாளிற் கேட்ட பெருஞ்செய்திகளை அடுக்கிப் பார்ப்பானாயின், அவன் வரலாறும் அவன் இனத்தின் வரலாறும் ஒருங்கே விளங்கும். ஆயின், அச்செய்திகள் எம்மொழியில் தன் செவிக்கு எட்டின என எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. யான் எண்ணிப் பார்த்தேன். அவ்வெண்ணத்தின் விளைவைத் தமிழன்பர்முன் வைக்கின்றேன்.

யான் பிறந்து வளர்ந்தது சோளிங்கரில். சோழசிங்கபுரம் என்னும் வீறார்ந்த பெயர் நாளடைவில் தேய்ந்து 'சோளிங்கர்' ஆயிற்று. தன் ஊர்ப்பெயரையே சிதைவாகச் சொல்லிப் பழகியவனுக்கு மொழிச்சிதைவு ஒரு பொருட்டாகத் தோன்றுமோ? இளமையில் எனக்கும் தோன்றவில்லை.

எந்தை இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் கூடமொன்றிற் கூலியாள். கிழமைக்கொருமுறை ஞாயிறன்று வீடு வருவார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பச்சைத்தோலும் கலந்த வாடை அவருக்கு முன்பே வாயிற்படி ஏறிவிடும். கூடத்துக் கணக்கர் படித்து எறிந்த ஆறு நாட் செய்தித்தாள்களை மடித்துக் கைப்பையில் எடுத்து வருவார். உலகம் எங்கட்கு ஆறு நாள் பிந்தியே நிகழ்ந்தது. எந்தை எழுத்தறியார். அத்தாள்களைப் படித்துக் காட்டுவது என் கடமை. கேள்வி கேட்பது அவர் உரிமை.

யான் படித்துக் காட்டிய முதற் பெருஞ்செய்தி திருத்தணி மீட்பு. 1953 அக்தோபர் 1-ஆம் நாள் ஆந்திரம் பிரிந்தபோது அதன்பாற் சென்ற திருத்தணி, ம.பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாய், 1960 ஏப்பிரல் 1-ஆம் நாள் நம்மிடம் மீண்டது. வடவெல்லையில் தமிழ் கற்பித்தே வாழ்நாளைச் செலவிட்ட மங்கலங்கிழார் அந்நாளைக் காணாமல் 1953-இலேயே மறைந்துவிட்டார். எனக்கு அப்போது அகவை பத்து. "அப்படியானால் உன் அத்தை வீடு இனி நம் நாட்டில்தானா, தம்பி?" என்று எந்தை கேட்டார். எங்கள் ஊரிலிருந்து பதினைந்து கல் தொலைவிலிருந்த அத்தை, ஏழாண்டுக் காலம் வேற்று நாட்டில் இருந்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆனால், படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் தடை. 'சர்க்கார்' என்றால் என்ன? 'காரியதரிசி' யார்? 'அபேட்சகர்' என்பவர் என்ன செய்வார்? எந்தை கேட்பார், யான் விழிப்பேன். தமிழ் எழுத்திலிருந்தும் தமிழனுக்கு விளங்காத செய்தியாக அது இருந்தது. ஊர்ப் பொதுவானொலியும் 'ஆகாசவாணி' என்றே வாய் திறந்தது. 1964 மே 27-ஆம் நாள் நேரு மறைந்த செய்தியை அப்பெட்டியின் கீழ் நின்று கேட்ட கூட்டத்தில், பாதிப்பேர் பக்கத்திலிருந்தவரிடம் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டனர்.

பின்னர் வந்தது 1965. அதற்கு ஓராண்டு முன்னரே, 1964 சனவரி 25-ஆம் நாள், கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தின் முன் தம்மை எரித்துக்கொண்டார். இந்தி ஆட்சிமொழியாகும் நாளென நின்ற 1965 சனவரி 26-ஆம் நாள் கோடம்பாக்கம் சிவலிங்கமும், மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தீயிற் கலந்தனர். அதே 27-ஆம் நாள் சிதம்பரத்தில் மாணவன் இராசேந்திரன் சுடப்பட்டு மாண்டான். எம் பள்ளி மாணவரும் வகுப்பை விட்டுத் தெருவுக்கு வந்தோம். உண்மையை மறையாது சொல்கின்றேன்: காவலர் ஊர்தியைக் கண்டதும் யான் சந்து வழியே வீட்டுக்கு ஓடிவிட்டேன். அடுத்த ஞாயிறன்று இராசேந்திரன் பெயரை எந்தைக்குப் படித்துக் காட்டும்போது என் குரல் எழவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியவற்றுள் அந்நாணமும் ஒன்று.

1967 தேர்தல். அப்போது செய்தித்தாள்களின் மொழி மாறத் தொடங்கியிருந்தது. 'அபேட்சகர்' இருந்த இடத்தில் 'வேட்பாளர்' நின்றார். யான் படித்தேன். எந்தை பொருள் கேட்கவில்லை. யானே வியந்து, "விளங்கிற்றா?" என்றேன். "வேட்டு வந்து நிற்கிறவன். இதில் விளங்காமற் போக என்ன இருக்கிறது?" என்றார். தனித்தமிழ் புலவர்க்கு மட்டுமே உரியது என இன்றும் ஏளனம் செய்வாருளர். அவர்கட்கு யான் காட்டும் சான்று, கையெழுத்திடத் தெரியாத அத்தோற்கூலியாளே. வேற்றுச்சொல் அவரை வாயிலுக்கு வெளியே நிறுத்திற்று. தமிழ்ச்சொல் அவரை உள்ளழைத்து அமர்த்திற்று.

அப்பெயர்க்காகவே 76 நாள் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்தோபர் 13-ஆம் நாள் உயிர் துறந்தார். சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' ஆனதோ 1969 சனவரி 14-ஆம் நாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தைக்கு மடல் எழுதச் சொல்லி, முகவரியின் கீழ் நாட்டின் பெயரைப் பெரிதாக எழுதுமாறு எந்தை பணித்தார். எழுதிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

1981 மே 31-ஆம் நாளிரவு யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. "தாளில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதை எரிப்பார்களா?" என்று எந்தை திரும்பத் திரும்பக் கேட்டார். அக்கேள்விக்கு இன்றும் என்னிடம் விடையில்லை.

1996 ஆகத்து 28. எந்தை தளர்ந்திருந்த காலம். தோற்கழிவால் நஞ்சான பாலாற்றுப் படுகையைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்று கூறிக் கூடம் ஒவ்வொன்றுக்கும் 10,000 உருபா தண்டமும் விதித்தது. வாழ்நாளெல்லாம் அத்தொட்டிகளில் நின்ற கால்களை நீட்டியவாறு, "முழுதும் படி" என்றார் எந்தை. யான் எதைப் படிப்பேன்? தாளிலிருந்தது சுருக்கம், தீர்ப்போ ஆங்கிலத்தில். நம் ஆறு, நம் கிணறு, நம் தோல், நம் கால். தீர்ப்பு மட்டும் நம் மொழியிலில்லை! முப்பத்தாறு ஆண்டுகட்குப் பின் மீண்டும் அவர்முன் விழித்து நின்றேன்.

இன்று தீர்ப்புகள் சிலவற்றின் மொழிபெயர்ப்புகள் வெளிவருகின்றன, மகிழ்ச்சியே. ஆனால், அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவின் கீழ் ஆள்வது ஆங்கில மூலமே. சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டுமென நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியும் இன்றுவரை வாயில் திறக்கவில்லை. வெளிவாயில் அடைபட்டிருக்க, உள்வாயிலை நாமே அடைக்கின்றோம். என் பெயரன் கைப்பேசியிலிருந்து எனக்குச் செய்தி படிக்கின்றான்: 'பிரேக்கிங்', 'டிரெண்டிங்', 'வைரல்'. எழுத்து தமிழே. பொருள் கேட்டு விழிப்பவன் இப்போது யான். சர்க்காரும் அபேட்சகரும் போன வழியே வேறு உடையில் திரும்பி வந்துள்ளனர்.

அன்பர்களே! எல்லையை மீட்டோம், பெயரை மீட்டோம். அவற்றை மீட்டது ஈகியர் உயிர். செய்தியின் மொழியை மீட்க உயிர் வேண்டா. உறுதி ஒன்றே போதும். இன்றிரவு உங்கள் வீட்டு முதியவர்முன் அமர்ந்து அன்றைய செய்தியைப் படித்துக் காட்டுங்கள். அவர் பொருள் கேட்கும் ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொண்டு, அதற்கு ஈடான தமிழ்ச்சொல்லைத் தேடி, அவ்விதழுக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதுங்கள். 'அபேட்சகர்' அகன்றது அவ்வாறு கேட்டவர்களால்தான். எழுத்தறியாத ஒருவர் ஒருமுறை கேட்ட அளவில், "விளங்கிற்று" என்று சொல்லும் செய்தியே தமிழ்ச்செய்தி.