சோம்பேறிப் பட்டம்

"பையன் கெட்டிக்காரன்தான், பொறுப்புத்தான் இல்லை" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பென்சிலைத் தொலைத்தான், குடையைத் தொலைத்தான், போட்டு முடித்த கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து பெஞ்சு மேல் நின்றான். கடைசிக் குற்றத்தைச் சற்றே யோசித்துப் பாருங்கள். சோம்பேறியாக இருந்தால் கணக்கைப் போட்டிருப்பானா?

வைத்தியர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். பெயர்தான் புதிது. 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். புத்தியில் குறையில்லை என்று கண்ட அவரே, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை என்றுதான் சொன்னார். வைத்தியம் அதன்பின் வெகுதூரம் வந்துவிட்டது. நம் வாத்தியார்களும் தகப்பன்மார்களும் 1902-லேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவது. திட்டுகிற தகப்பனாருக்கே இருந்திருக்கலாம்!

என்ன செய்ய வேண்டும் என்பது இந்தப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் தொடங்கவும், நேரத்தை அளக்கவும், ஒன்றைச் செய்யும்போதே இன்னொன்றை மனசில் பிடித்துவைக்கவும்தான் முடிவதில்லை. அவனுக்குப் போய் உபதேசமா? தலைக்குள் நிற்காததைத் தலைக்கு வெளியே நிறுத்துங்கள். பையை இரவே கட்டி வாசற்கதவை அடைத்தாற்போல் வையுங்கள். சாவிக்கு ஒரே ஆணி. "போய்ப் படி" என்னாமல், "கணக்கு நோட்டை எடு" என்று சொல்லுங்கள். எடுத்த பிறகு அடுத்தது. பாராட்டையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் சைக்கிள் என்றால், மாதக் கடைசி அவனுக்கு மறு ஜன்மம் மாதிரி. மாத்திரையும் உண்டு, வேண்டுமா என்பதை வைத்தியர் சொல்லட்டும். அது கவனத்துக்கு உதவும். பையைக் கட்டித் தராது.

"இதெல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுப்பது" என்பார் ஒரு கிருகஸ்தர். அவருக்கு ஆபீசில் ஒரு காரியதரிசி. வீட்டில் மூக்குக் கண்ணாடி முதல் இன்ஷூரன்ஸ் தவணை வரை ஞாபகப்படுத்த மனைவி. ஆனாலும் அவர் ஒழுங்கான மனுஷர்! பத்து வயதுப் பிள்ளைக்குச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினால் மட்டும் கெட்டுப்போவானாம்.

அந்த மனைவிக்கே இந்தக் குறை இருந்தால்? வகுப்பில் ஓடியாடித் தொல்லை கொடுக்காமல் ஜன்னலைப் பார்த்துக் கனவு கண்ட பெண் அவள். பெண் குழந்தைகளில் பலரிடம் இது அப்படித்தான் இருக்கும். யார் கண்ணிலும் படாது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்பதும் எத்தனையோ பேருக்குப் பொய்த்துப் போகிறது. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கையேடு 1968-ல் இதைக் குழந்தைப் பருவத்துக் கோளாறு என்றது. 2013-ல் வந்த பதிப்பிலோ 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தனி அளவே குறித்திருக்கிறார்கள். இவளோ இன்றும் பாலைப் பொங்கவிடுகிறாள். குடித்தனம் பண்ணத் துப்பில்லாதவள் என்று பெயர் வாங்குகிறாள். அடுப்பருகே மணியடிக்கும் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டால், "இதுக்குக்கூடவா அலாரம்?" என்று மாமியார் சிரிக்கிறாள்.

ஆமாம் அம்மா, இதற்கும்தான். உங்கள் பிள்ளையின் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்கும் சேர்த்துத்தான்.