அலுமாரிக்குள் பங்கசு பிடிக்கும் கெமராவும் மேடையேறாத எங்கள் பெண் பிள்ளைகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டமும் பரிசளிப்பு விழாவும் நெருங்குவதால் இப்போதே எழுத வேண்டியிருக்கிறது. ஊடகக் கழகத்தைப் பொறுப்பாகப் பார்க்கும் ஆசிரியர்கள் சார்பில் எழுதுகிறோம். உடன்படாதவர்களும் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் பெண் பிள்ளைகளின் நிகழ்ச்சிகளைப் படமெடுக்க இனி வெளி ஆண்களை மேடைக்கு முன்னால் நிறுத்தக் கூடாது. பாடசாலையிடம் கெமரா இருக்கிறது. அதைத் தூரத்திலிருந்து போனால் இயக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. இயக்கத் தெரிந்த ஆசிரியைகளும் மாணவிகளும் இருக்கிறார்கள். இல்லாதது அலுமாரிச் சாவி மட்டும்தான்.

இப்போது நடப்பது எல்லோருக்கும் தெரியும். மீலாத் விழா, பரிசளிப்பு விழா, தமிழ்த்தினப் போட்டி எதுவாக இருந்தாலும் ஸ்டூடியோவிலிருந்து இரண்டு மூன்று இளைஞர்கள் வருவார்கள். தரம் 10 பிள்ளை பேச்சுக்கு ஏறினால் அவளுக்கு முன்னால் நாலடி தூரத்தில் ஒருவர் முழங்காலில் நிற்பார். இன்னொருவர் பக்கவாட்டில் லைட் பிடிப்பார். பிள்ளை எதை மறந்தாலும் அந்த லென்ஸை மறக்க மாட்டாள். மறுநாள் அவள் படம் எந்தப் பக்கத்தில் ஏறும், யார் பகிர்வார், கீழே யார் என்ன எழுதுவார் என்பது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இதன் விலையைக் கொடுப்பது யார்? வாப்பாமார் வந்து, "சேர், எங்கட புள்ளைய மேடைக்கு ஏத்த வேணாம், படம் புடிச்சிப் போடுறாங்க" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதனால் நல்ல குரலுள்ள பிள்ளை கிராஅத்துக்குப் பெயர் கொடுப்பதில்லை. விவாத அணியில் முதல் ஆளாக நிற்க வேண்டியவள் பின்வரிசையில் இருந்து கை தட்டுகிறாள். ஒரு கெமரா நிற்கும் இடத்தை மாற்றத் தெரியாமல் எங்கள் ஊர் பிள்ளைகளின் குரலை அடக்கி வைத்திருக்கிறது.

இனி அந்தக் கெமராவின் கதைக்கு வருவோம். பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்த கெனன் 1300டி. 2016இல் சந்தைக்கு வந்த மாதிரி. 18 மெகாபிக்சல். பெரிய சாமான் ஒன்றுமில்லை, ஆனால் உள்ளே வைபை இருக்கிறது. கெனன் கம்பனி தனது டீஎஸ்எல்ஆர் கெமராவுக்குள் வைபை வைக்கத் தொடங்கியது 2012இல், 6டி என்ற விலை கூடிய மாதிரியில். நாலு வருடத்தில் அந்த வசதி ஆரம்பநிலைக் கெமராவுக்கும் இறங்கிவிட்டது. எங்கள் பாடசாலை அலுமாரிக்குள் மட்டும் அது இன்னும் இறங்கவில்லை.

அது வேலை செய்யும் விதம் இதுதான். கெமராவின் மெனுவில் வைபையைத் திறந்தால் கெமராவே ஒரு சின்ன வைபை வலையமைப்பை உருவாக்கும். அதன் பெயரும் கடவுச்சொல்லும் கெமராத் திரையில் வரும். போனில் கெனனின் 'கெமரா கனெக்ட்' செயலியை இறக்கி அந்த வைபையில் இணைந்தால் போதும். லென்ஸ் பார்ப்பது போன் திரையில் தெரியும். திரையில் தொட்ட இடத்தில் போகஸ் பிடிக்கும். ஐஎஸ்ஓ, சட்டர் வேகம், அபேச்சர் எல்லாவற்றையும் போனிலேயே மாற்றலாம். பட்டனைத் தொட்டால் அங்கே கெமரா படம் எடுக்கும். நிக்கோனுக்கு 'ஸ்னாப்பிரிட்ஜ்', சோனிக்கும் புஜிக்கும் அவற்றின் சொந்தச் செயலிகள். செயலியை ஒரு முறை இறக்கிவிட்டால் அதற்குப் பிறகு டேட்டா தேவையில்லை. இன்டர்நெட் இல்லாத மண்டபத்திலும் வேலை செய்யும், ஏனென்றால் போனும் கெமராவும் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன.

அதாவது கெமராவை ட்ரைபொட்டில் ஏற்றி மண்டபத்தின் நடுப்பாதையில் வைத்துவிட்டு, ஓர் ஆசிரியையோ மாணவியோ பெண்கள் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டே முழு நிகழ்ச்சியையும் எடுக்கலாம். மேடைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பேசும் பிள்ளைக்குத் தெரிவது சபை மட்டும்தான்.

இதைச் சொன்னவுடன் வரும் ஆட்சேபனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறோம்.

"போன்ல எடுத்தாப் போதாதா?" போதாது. மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து போனில் விரலால் பெரிதாக்கி எடுக்கும் படத்தில் பிள்ளையின் முகம் மெழுகு உருகியது போல இருக்கும். கெமராவின் சென்சர் பெரிது, லென்ஸை மாற்றலாம், ட்ரைபொட்டில் அசையாமல் நிற்கும். போதாததற்கு, போனால் எடுக்க வேண்டுமென்றால் யாராவது எழுந்து முன்னால் போக வேண்டும். முன்னால் போகிறார்கள் என்பதுதானே பிரச்சினையே.

"உடைஞ்சா யாரு பொறுப்பு?" இந்தக் கேள்விக்குத்தான் எங்களுக்கு அதிகம் கோபம் வருகிறது. கடற்கரையோர ஊரில், ஈரக்காற்றில், வெளிச்சம் படாத அலுமாரிக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸுக்கு என்ன நடக்கும் என்று விஞ்ஞான ஆசிரியரிடம் கேளுங்கள். கண்ணாடிக்குள் பங்கசு படரும். சிலந்தி வலை போல வெள்ளை நூல் தெரியும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். சார்ஜ் இறங்கிய லித்தியம் அயன் பற்றரியை அப்படியே போட்டு வைத்தால் அதுவும் செத்துப்போகும். கெமரா பாவித்தால் உடையலாம். பூட்டி வைத்தால் கெட்டே போகும். 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்தில் 360 வரை போன நாடு இது. அன்று வாங்கிய விலைக்கு இன்று இன்னொன்று வாங்க முடியாது. பொறுப்பு என்ற சொல்லுக்குப் பூட்டு என்று பொருள் எழுதிய அகராதி எது?

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு கெமரா?" சாதாரண தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடம். எங்கள் மாணவிகள் அதற்குத் தோற்றுகிறார்கள். கெமராவின் பாகங்களைப் படத்தில் பார்த்துப் பெயரிடுகிறார்கள், அபேச்சர் என்றால் என்ன என்று மனப்பாடம் செய்கிறார்கள். கையால் தொட்டதில்லை. ஒரு பாடவேளைக்கு அனுமதி வாங்கி வெளியே எடுத்துக் காட்டியபோது, அந்தப் பாடவேளை முடிவதற்குள் அவர்களே இணைத்து, அவர்களே எடுத்துக் காட்டினார்கள். பொம்புளப் புள்ளைக்கு முன்னால் ஆம்பிளை கெமராவோடு நிற்கலாம், ஆனால் அவள் கையில் கெமரா இருக்கக் கூடாது என்பது எந்த நியாயம்?

"படம் வெளியில போனா?" இதுதான் நியாயமான கேள்வி. இதைக் கேட்பவர்களை மதிக்கிறோம். ஆனால் இன்றைக்கு மெமரி காட் யாரிடம் இருக்கிறது? ஸ்டூடியோவிடம். பிரதி யாருடைய கணினியில் இருக்கிறது? ஸ்டூடியோவின் கணினியில். அங்கே ஒருவரும் கேட்காத கேள்வியைப் பாடசாலையிடம் மட்டும் கேட்பது ஏன்? போனால் இயக்கும்போது மூலப் படம் கெமராவின் காட்டிலேயே பதிகிறது. காட் அதிபரிடம் போகும். கசிவு நடப்பது போனுக்குப் பிரதி வரும்போதுதான். ஸ்னாப்பிரிட்ஜ் போன்ற செயலிகள் 2 மெகாபிக்சல் பிரதியைத் தாமாகவே போனுக்கு அனுப்பக் கூடியவை. அதை அமைப்பில் நிறுத்தலாம். போனின் இருப்பிடத் தகவலைப் படத்தோடு சேர்க்கும் வசதியும் உண்டு. பிள்ளைகளின் படத்தில் அது ஒருபோதும் இருக்கக் கூடாது. சில பழைய கெமராக்களின் வைபை கடவுச்சொல் இல்லாமல் திறந்தே வரும். முதல் வேலையாக அதற்குக் கடவுச்சொல் போட வேண்டும். யாருடைய சொந்தப் போனும் வேண்டாம். பாடசாலையின் டெப் ஒன்றில் சிம் இல்லாமல், வட்ஸ்அப் இல்லாமல், தானியங்கி பேக்கப் இல்லாமல் இந்தச் செயலி மட்டும் இருக்கட்டும். மாணவிகள் போன் கொண்டுவர வேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய நாடு இது. எங்கள் விழாக்களில் மட்டும் பிள்ளையின் படம் எடுத்தவன் சொத்து. இதை மாற்றுவது சுலபம். விழாவுக்கு முதல் பெற்றோரிடம் ஒரு துண்டில் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்ற பிள்ளை ஏறும்போது டெப் வைத்திருக்கும் ஆசிரியை விரலை எடுத்துவிடுவார். அவ்வளவுதான். காசுக்கு வந்த ஸ்டூடியோக்காரரிடம் நாற்பது பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து இவர்களை எடுக்காதே என்று சொல்லிப் பாருங்கள்.

படமே கூடாது என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை, அது உலமாக்களின் பணி. ஆனால் படமே வேண்டாம் என்று எந்த விழாவிலும் முடிவெடுக்கப்படவில்லை. படம் எடுக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. எங்கள் கேள்வி, அதை யார் எடுப்பது, எங்கே நின்று எடுப்பது, காட் யாரிடம் இருப்பது என்பது மட்டும்.

இதில் குறைகளே இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் மாட்டோம். இந்தக் கெமராவோடு வரும் 18-55 லென்ஸைப் போனிலிருந்து சூம் பண்ண முடியாது, கையால்தான் திருப்ப வேண்டும். ஆகவே மேடை முழுவதும் அடங்கும்படி முதலிலேயே வைத்துவிட வேண்டும். லைவ் வியூவில் போகஸ் ஆறுதலாகத்தான் பிடிக்கும். பேச்சு மேசையில் ஒரு முறை போகஸ் வைத்து மனுவலுக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பற்றரி வேகமாக இறங்கும். வியூபைன்டரால் எடுத்தால் 500 படம் அளவில் என்று கம்பனி சொல்லும் பற்றரி, லைவ் வியூவில் 180 அளவில்தான் தரும். இரண்டாவது பற்றரி ஒன்று வேண்டும். சனம் நிறைந்தால் வைபை தூரம் குறையும். சில போன்கள் "இன்டர்நெட் இல்லை" என்று சொல்லித் தாமாகவே கெமராவை விட்டுவிடும், சிம் இல்லாத டெப்பில் அந்தப் பிரச்சினை குறைவு. இவையெல்லாம் பழகினால் தீரும் குறைகள். பிள்ளை மேடையேறாமல் போவது அப்படித் தீராது.

புதிதாகக் கெமரா வாங்கித் தர நினைக்கும் தனவந்தர்களுக்கும் ஒரு சொல். பெட்டியில் ஸ்னாப்பிரிட்ஜ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிக்கோன் டி3400இல் புளூடூத் மட்டும்தான், வைபை கிடையாது. லென்ஸ் பார்ப்பதைப் போனில் பார்த்து இயக்க அதால் முடியாது. வாங்குமுன் கேளுங்கள். உங்கள் சதகா அலுமாரிக்குப் போகாமல் பிள்ளைகளின் கைக்குப் போகிறதா என்றும் பிறகு வந்து பாருங்கள்.

ஸ்டூடியோ சகோதரர்களின் வயிற்றில் அடிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். திருமணங்கள் இருக்கின்றன, விளையாட்டுப் போட்டிகள் இருக்கின்றன, ஆண் பிள்ளைகளின் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. கழகத்து ஆண் பிள்ளைகளுக்கும் ஆசிரியைகளுக்கும் பயிற்சி தர உங்களைத்தான் முதலில் அழைப்போம், சம்பளத்தோடு.

ஒவ்வொரு மீலாத் விழாவிலும் ஒருவர் எழுந்து இப்னுல் ஹைதமைப் பற்றிப் பேசுவார். பஸராவில் பிறந்தவர், இருட்டறைச் சுவரின் சின்னத் துளை வழியே ஒளி வருவதை ஆராய்ந்தவர், 'கிதாபுல் மனாழிர்' எழுதியவர் என்றெல்லாம் சொல்வார். நாமும் கை தட்டுவோம். அவர் துளைக்கு முன்னால் நின்று சோதித்துப் பார்த்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அதே ஒளி பற்றிய சாமானை அலுமாரிக்கு வெளியே நின்று பார் என்கிறோம். ஆயிரம் வருடப் பெருமை பேசும் சபைக்கு ஒரு சாவியைத் தர மனமில்லை.

ஆகவே வரும் கூட்டத்தில் நான்கு விடயங்களைக் கேட்கிறோம். நீங்களும் கேளுங்கள்.

ஒன்று, கெமரா ஊடகக் கழகத்தின் பொறுப்பில், பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுக்கும் முறையில் வரட்டும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது எங்கள் வேலை.

இரண்டு, ட்ரைபொட், மேலதிக பற்றரி, ஒரு டெப். ஒன்றிரண்டு விழாக்களுக்கு ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும் காசை இதற்கு ஒதுக்குங்கள்.

மூன்று, பெண் பிள்ளைகளின் நிகழ்ச்சிகளை ஆசிரியைகளும் மாணவிகளும் மட்டுமே எடுப்பது என்று கூட்டக் குறிப்பில் எழுதப்படட்டும். வாயால் சொன்னது போதாது.

நான்கு, பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் படமும் எந்தப் பக்கத்திலும் ஏறாது என்பதும் அதே குறிப்பில் வரட்டும்.

தாய்மாரே, கூட்டத்துக்கு வாப்பாவை மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். இது உங்கள் பிள்ளையின் முகம் பற்றிய விடயம், அவள் குரல் பற்றிய விடயம். வந்து முன்வரிசையில் இருந்து அந்த அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.